குப்புறக் கிடந்த ஜனவரி

ஜனவரி 7, செவ்வாய்

குப்புறப் படுத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலைகள் இரண்டுதான். ஒன்று தூங்குவது, மற்றது எழுதுவது. தூக்கம் வரவில்லை.

நேற்று திருச்சியில் என் வலது கண்ணுக்கு ஆபரேஷன். விழித்திரை சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி உரிந்து வந்துவிட்டதாம். அதை ஒட்டவைத்து, மறுபடி உரியாமல் இருக்க கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். குமிழி எப்போதும் மேலே எழும்பும். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமென்றால் நான் தரையைப் பார்த்தபடியே கிடக்க வேண்டும். இரண்டு வாரம். சாப்பிடவும் குளிக்கவும் எழலாம், அப்போதும் குனிந்த தலை நிமிரக் கூடாது.

கட்டில் விளிம்பில் இரண்டு தலையணைகளை இடைவெளி விட்டுப் போட்டு அந்த இடைவெளி வழியே முகத்தை வெளியே தொங்கவிட்டிருக்கிறேன். கீழே ஸ்டூல், ஸ்டூலில் இந்த நோட்டு. இடது கண் எழுதப் போதும்.

நோட்டை வாங்கிவந்த என் வீட்டுக்காரர் குழந்தைவேல், முதல் பக்கத்தில் பெயர் எழுதச் சொன்னார். சுகுணா, வயது நாற்பத்தைந்து. கரூரில் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறேன். அவர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: ரோலர் கோஸ்டர் பைத்தியம்.

ஜனவரி 8, புதன்

கழுத்து போய்விட்டது. சீலிங் ஃபேன் சத்தத்தை வைத்து அது எந்த வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லப் பழகிவிட்டேன். இதுவும் ஒரு திறமைதான்.

பொழுது போக வேண்டும். என் அபிப்பிராயங்களை எழுதிவைக்கிறேன்.

கோஸ்டரில் முன்வரிசைக்கு அடித்துக்கொள்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முன்வரிசையில் காட்சி கிடைக்கும், அவ்வளவுதான். உச்சியில் முன்பெட்டி சற்றே தயங்கித்தான் சரியும். அது சரிந்து கீழே இழுக்கும்போது கடைசிப் பெட்டி இன்னும் உச்சியைத் தாண்டியிருக்காது. அப்படியே வெடுக்கென்று பிடுங்கி எறியும். சீட்டுக்கும் நமக்கும் நடுவே காற்று புகுந்துகொள்ளும் அந்த ஒரு நொடி கடைசி வரிசைக்காரர்களுக்குத்தான் முழுதாகக் கிடைக்கும்.

தோளை அமுக்கும் கம்பியை விட மடியில் இறங்கும் கம்பி மேல். தோள்கம்பி இரண்டு பக்கமும் காதில் அறைகிறது. நான் சீட்டுக்கும் ஃபோமுக்கும் விலை போடுகிறவள். அந்த ஃபோமை நாங்கள் டவுன் பஸ்ஸுக்குக்கூட வைக்க மாட்டோம்.

தண்ணீர் சறுக்கு ரைடில் சேராது. கண்ணாடி மாட்டிவிட்டு, படத்தைக் காட்டி, நாற்காலியை ஆட்டுவது சுத்த ஏமாற்று வேலை. பொருட்காட்சியில் வரும் கொலம்பஸ் கப்பலை யாரும் மதிப்பதில்லை. ஆனால் அதன் கோடிச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கிளம்பும் முன்பே கத்துகிறவர்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது.

ஜனவரி 9, வியாழன்

அவர் உப்புமா செய்தார். குனிந்தபடி சாப்பிட்டேன். குனிந்தபடி சாப்பிட்டால் உப்புமா கொஞ்சம் பரவாயில்லை.

ஜனவரி 10, வெள்ளி

ஹைதர் பேசினான். எங்கள் வாட்ஸப் குழுவை நடத்துகிறவன், சென்னையில் இருக்கிறான். குழுவில் நாற்பது பேர், எல்லோருக்கும் இதே பைத்தியம்.

"அக்கா, செம்பருந்து திறக்கிற தேதி சொல்லிட்டாங்க. பத்தொன்பது, ஞாயித்துக்கெழமை. மொத ட்ரிப்புல நம்ம குழுவுக்கு நாலு சீட்டு. உங்களுக்கு ஒண்ணு வச்சிருக்கேன்."

செம்பருந்துக்காக நான் மூன்று வருடமாகக் காத்திருக்கிறேன். சென்னைக்கு வெளியே புதிதாக வரும் பார்க்கில் கட்டும் கோஸ்டர் அது. தூண் நட்டதிலிருந்து ஒவ்வொரு படமும் என் போனில் இருக்கிறது. சங்கிலி போட்டு இழுத்து மேலே ஏற்றுவதெல்லாம் இதில் கிடையாது. நின்ற இடத்திலிருந்து காந்த விசையில் சுண்டிவிடுவார்கள். மூன்று தலைகீழ்ச் சுற்று. மடிக்கம்பி.

கண் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப சீட்டை வேற யாருக்காவது குடுத்துடவாக்கா?"

"வேண்டாம். தாரணி போவா."

தாரணி என் மகள். சென்னையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். ஏழு வயதிலிருந்து என்னோடு ஏறுகிறாள். உயரம் போதவில்லை என்று கேட்டில் திருப்பி அனுப்பியபோது அங்கேயே உட்கார்ந்து அழுதவள். செம்பருந்துச் சீட்டைச் சொன்னதும், "நெஜமாவாம்மா?" என்று நான்கு தடவை கேட்டாள்.

என் வீட்டுக்காரர் இதில் எதிலும் சேர மாட்டார். பார்க்குக்கு வந்தாலும் கீழே நின்று எங்கள் பைகளைப் பிடித்துக்கொள்வார்.

ஜனவரி 11, சனி

குமிழியை யோசித்துக்கொண்டிருந்தேன். டிசம்பரில் பெங்களூர்ப் பக்கம் ஒரு பார்க்கில், இரண்டாவது இறக்கத்தில், வலது ஓரத்தில் வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். மறுபடி ஏறியபோதும் அடித்தது. போட்டோ கவுண்டரில் போய்க் கேட்டேன். அந்த இடத்தில் கேமராவே இல்லை என்றார்கள்.

நல்ல ரைடு அது. வளைவுகள் கொஞ்சம் முரட்டுத்தனம்.

ஜனவரி 13, திங்கள்

திருச்சி போய்வந்தோம். காரின் பின்சீட்டில் முட்டியில் தலை வைத்தபடி நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குளித்தலை வந்ததை வாழைக்காய் பஜ்ஜி வாசத்தில் கண்டுபிடித்தேன்.

விழித்திரை ஒட்டியிருக்கிறதாம். இருபது வரை இப்படியே படுக்க வேண்டும். டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். கோஸ்டரால்தான் இது வந்தது என்று சொல்ல முடியாது, எனக்கு மைனஸ் பவர் அதிகம், அப்படிப்பட்ட கண்ணில் விழித்திரை மெலிந்திருக்கும் என்றார். கோஸ்டரால் வரவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

என் வீட்டுக்காரர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். வேறு சில பொதுவான அறிவுரைகள். தாரணிக்கும் மைனஸ் எட்டு என்பதால் அவளையும் ஒரு தடவை காட்டச் சொன்னார் டாக்டரம்மா. பொங்கல் முடியட்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தாரணி காலையில் வந்துவிட்டாள். சமையலறையில் அப்பாவும் மகளும். பொங்கல் பொங்கிய சத்தம் கேட்டது, பிறகு அடி பிடித்த வாசமும் வந்தது.

தட்டை எடுத்துவந்து, ஸ்டூலை நகர்த்திவிட்டு, என் முகத்துக்கு நேர் கீழே தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டாள். இப்படித்தான் நாங்கள் முகம் பார்த்துப் பேசினோம், மேலே நான், கீழே அவள். கண்ணாடியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தாள். அந்தக் கண்ணாடி எவ்வளவு தடிமன் என்று இத்தனை நாள் கவனித்ததில்லை.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலி இல்ல. எந்திரிச்சு ஓடோணும் போல இருக்கு, அவ்வளவுதான்."

"செம்பருந்துல எத்தனாவது வரிசைம்மா?"

ஒரு மணி நேரம் பேசினோம். முதல் சுற்றில் மூச்சை எப்போது விடுவது, தலையைச் சீட்டில் எப்படி ஒட்டவைத்துக்கொள்வது, எல்லாம் சொன்னேன்.

வேறு ஒன்றும் பேசவில்லை. நல்ல நாள்.

ஜனவரி 15, புதன்

இன்று பேச்சுவாக்கில் தாரணி சொன்னாள், "செவுத்தப் பாத்தா இடது கண்ணுல கொசு பறக்கற மாதிரி இருக்குதும்மா. தொரத்தினாப் போக மாட்டேங்குது."

"எத்தனை நாளா?"

"தெரியல. பரீட்சை சமயத்துலருந்து."

கண்ணாடி போடுகிற எல்லோருக்கும் கொசு பறக்கும். எனக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து பறக்கிறது. தூங்காமல் போனைப் பார்த்தால் இன்னும் நிறையப் பறக்கும். அதைத்தான் அவளிடம் சொன்னேன்.

இன்று முழுக்கக் கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தைக் கால்விரலால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன், அவர் வந்து பிடித்து நிறுத்தினார்.

ஜனவரி 16, வியாழன்

லீவு நாட்களில் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கள் இருக்க மாட்டார்கள். இப்போது போய் ஒன்றும் ஆகப்போவதில்லை.

செம்பருந்தில் குலுக்கல் குறைவு. தண்டவாளம் கணினியில் வளைத்தது, வெண்ணெய் மாதிரி போகும் என்று வெளிநாட்டில் இதே வகையில் ஏறியவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் ஊர் மினி பஸ்ஸில் பசுபதிபாளையம் போய்வந்தால் அதைவிட அதிகம் குலுங்கும். தாரணி தினமும் ஷேர் ஆட்டோவில் போகிறாள்.

ஜனவரி 17, வெள்ளி

தாரணி ரயில் ஏறிவிட்டாள். கிளம்பும்போது குனிந்து என் பிடரியில் முத்தம் கொடுத்தாள், வேறெங்கும் எட்டாது.

ஜனவரி 18, சனி

வலது கண்ணில் இப்போது ஒரு பெரிய வட்டம் தெரிகிறது, நடுவில், ஓரம் கருத்து. அதுதான் குமிழி. தலையை அசைத்தால் ததும்புகிறது. இத்தனை நாள் ஏறிய ரைடுகள் எல்லாம் சேர்ந்து உள்ளே வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருக்கிறது.

தூங்கவில்லை. காலையில் தாரணிக்குப் போன் செய்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

காலை: பேசினேன். கடைசி வரிசையில் உட்காரச் சொன்னேன்.

ஜனவரி 20, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நான் போன் செய்தபோது தாரணி பார்க் வாசலில் நின்றிருந்தாள். பின்னால் மேளச் சத்தம். "அம்மா, இங்க பயங்கரக் கூட்டம். எங்களுக்குக் கையில சிவப்புப் பட்டை கட்டியிருக்காங்க. தனி வழில உள்ள விடறாங்க. நீ இருந்திருக்கோணும்மா." அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். "என்னம்மா, ஏதோ சொல்ல வந்தியே" என்றாள். "கடைசி வரிசை எடு" என்றேன். வைத்துவிட்டேன்.

பத்து மணி வாக்கில் அவர் இட்லி கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்றேன். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து ஒரு துண்டைப் பிய்த்து என் வாயருகே நீட்டினார்.

"நீ இப்படிக் கெடக்கறதப் பாத்து எனக்கும் சோறு எறங்கறதில்ல. ஒரு வாயாச்சும் தின்னு." பிறகு அவர் பாட்டுக்குச் சொன்னார், "நல்ல வேளை, நம்ம பாப்பாவுக்கு இந்தச் சீக்கெல்லாம் இல்ல. அந்த வரைக்கும் புண்ணியம்."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தலையைக் குனியச் சொல்லிக் கத்தினார்.

"ஏனுங்க, பாப்பா கண்ணையும் உடனே காட்டச் சொன்னாங்க டாக்டரம்மா. அவளுக்கும் விழித்திரையில ஓட்டை இருக்கலாம்னாங்க. இருந்தா லேசர்ல அடைச்சுடலாமாம். காட்டற வரைக்கும் ராட்டினம், கோஸ்டர், எதுலயும் ஏத்த வேண்டாம்னாங்க. கொசு பறக்கறது திடீர்னு வந்தா அன்னைக்கே கூட்டியாங்கன்னாங்க."

"எப்பச் சொன்னாங்க?"

"நீங்க மருந்து வாங்கப் போனப்ப."

அவர் தட்டைத் தரையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். என் போனை எடுத்துக் கையில் கொடுத்தார். "யாருக்குப் பண்ணோணுமோ அவங்களுக்குப் பண்ணு. மொதல்ல அதப் பண்ணு."

தாரணியின் போன் எடுபடவில்லை. ஏறும் முன் போனை எல்லாம் லாக்கரில் வைத்துவிடச் சொல்வார்கள், எனக்குத் தெரியாததா. ஹைதரைக் கூப்பிட்டேன். முதல் ட்ரிப்பை அவன் எப்போதும் கீழே நின்று படம் பிடிப்பான், ஏற மாட்டான்.

"அக்கா, லைவ் போயிட்டிருக்கு, அஞ்சு நிமிஷம் கழிச்சு..."

"ஹைதர், தாரணிய எறக்கு."

"எறக்கறதா? ஏறி உக்காந்தாச்சுக்கா. கம்பி பூட்டிட்டாங்க. அந்தா, கை காட்டுது."

"அவ கண்ணுல கோளாறு இருக்கு. அவ போகக் கூடாது. ஓடு."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. போன் அணையாமலே அவன் கையில் இருந்தது. அவன் ஓடுவதும் இரைப்பதும் கேட்டன. யாரையோ இடித்துத் திட்டு வாங்கினான். "அண்ணா, ஒரு நிமிஷம், கடைசி வரிசை, அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு" என்று கத்தினான். ஸ்பீக்கரில் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். கூட்டமும் சேர்ந்து எண்ணியது.

பிறகு அந்தச் சத்தம். காந்தத்தில் கிளம்பும் ரயிலின் சத்தத்தை நூறு வீடியோவில் கேட்டிருக்கிறேன். பெரிய துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போல இருக்கும். ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள். அவள் அதில் இருக்கிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரைடு சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைத்தேன். அவர் என் பிடரியில் கை வைத்துத் தலையைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்னம்மா."

தாரணியின் குரல்.

"ஏறலியா கண்ணு?"

"எறக்கி விட்டுட்டாங்க. எல்லாரும் பாத்தாங்க. டிவிக்காரங்க கேமராவத் திருப்பினாங்க. ஹைதர் அண்ணன் என்னமோ கண்ணுன்னு சொல்றாரு. எனக்கு என்னம்மா?"

சொன்னேன். அவரிடம் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"டாக்டர் எப்பச் சொன்னாங்க?"

"திங்கக்கெழம."

"எந்தத் திங்கக்கெழம?"

"பொங்கலுக்கு முந்துன நாள்."



"கொசு பறக்குதுன்னு உங்கிட்டச் சொன்னேன்."

"ஆமா."

"காலைல நீ பேசினியே. அப்பவும் தெரியும்."

அவள் போனை ஹைதரிடம் கொடுத்துவிட்டாள். "அக்கா, நான் இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். "ஞாயித்துக்கெழமைன்னாலும் அவசரத்துக்குப் பாப்பாங்க."

அவர் மத்தியானமே பஸ் ஏறிவிட்டார். பக்கத்து வீட்டு லூர்துமேரி எனக்குச் சாப்பாடு தருகிறாள்.

ஜனவரி 21, செவ்வாய்

தாரணியின் இடது கண்ணில் இரண்டு ஓட்டைகள். ஒன்றைச் சுற்றி நீர் கசிய ஆரம்பித்திருந்ததாம். நேற்றே லேசர் வைத்து அடைத்துவிட்டார்கள். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. இவ்வளவையும் அவர்தான் போனில் சொன்னார்.

"பாப்பாகிட்டக் குடுங்க."

"தூங்குது" என்றார். பின்னால் அவள் டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது.

ஜனவரி 22, புதன்

நேற்றிலிருந்து நிமிர்ந்து நடக்கலாம். இரண்டு வாரமாக இதற்குத்தான் ஏங்கினேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன், உட்காரத் தோன்றவில்லை.

ஜனவரி 25, சனி

ஹைதர் செம்பருந்து வீடியோ அனுப்பியிருந்தான். பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு சீட் காலி. அபிப்பிராயம் எழுதச் சொல்லிக் குழுவில் நச்சரிக்கிறார்கள். நான்கு வரி எழுதி அழித்துவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

தாரணிக்கு மெசேஜ் அனுப்பினேன். நீல டிக் வந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

திருச்சி. இன்று எங்கள் இருவருக்கும் பரிசோதனை. தாரணி சென்னையிலிருந்து நேராக வந்துவிட்டாள். அப்பாவிடம் பேசினாள். என்னிடம், "சாப்டியா?" என்று மட்டும் கேட்டாள், வேறு யார் வீட்டுக்கோ வந்தவளைப் போல.

இரண்டு பேருக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டு வராந்தா பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மருந்து வேலை செய்யச் செய்ய எதிரில் இருப்பதெல்லாம் கரைந்து போகும். அவர் காப்பி வாங்கப் போனார்.

"ஏம்மா சொல்லல?" என்றாள் தாரணி. நேராகப் பார்த்தபடிதான் கேட்டாள்.

மூன்று வாரமாக இதற்குப் பதில் தயாரித்துவைத்திருந்தேன். பொங்கல் லீவு, பெரிய டாக்டர் இல்லை, உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று பார்த்தேன். ஒன்றையும் சொல்லவில்லை.

"நீ போனா நானே போன மாதிரி இருக்கும்னு நெனச்சேன்" என்றேன். "இனிமே எனக்கு அது இல்லன்னு தெரிஞ்சு போச்சு. உன்னையும் வேண்டாம்னுட்டா வீட்டுல அதுக்கு ஆளே இல்லாமப் போயிடுமேன்னு."

"எனக்குக் கண்ணு போயிருந்தா?"

"அத நெனைக்காம இருக்கறதுக்குத்தான் பேசிட்டே இருந்தேன். எழுதிட்டே இருந்தேன்."

அவள் அழுதாளா, மருந்து எரிந்து தண்ணீர் வந்ததா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவள் நகர்ந்து உட்காரவில்லை, அது மட்டும் தெரிந்தது.

உள்ளே போனோம். என் கண்ணில் குமிழி சுருங்கி, கீழே ஓரத்தில் பட்டாணி அளவுக்கு உருண்டுகொண்டிருக்கிறது. விழித்திரை ஒட்டிக்கொண்டது. எழுத்துப் பலகையில் மூன்று வரி படித்தேன், நான்காவது வரி வளைந்து தெரிந்தது. அந்த வளைவு நிமிராமலே போகலாம் என்றார் டாக்டரம்மா. தாரணியின் ஓட்டைகள் நன்றாக மூடியிருக்கின்றன.

"நான் மறுபடி கோஸ்டர்ல போலாங்களா மேடம்?" என்று தாரணிதான் கேட்டாள்.

"ஆறு மாசம் கழிச்சு வாங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

"அம்மா?"

"அம்மாவுக்கு வேண்டாங்க."

நான் தலையாட்டினேன்.

அவர் காரை எடுத்துவர முன்னால் போனார். நாங்கள் வாசலுக்கு வந்தோம். உச்சி வெயில். மருந்து விட்ட கண்ணுக்கு வெயில் என்பது வெள்ளைச் சுவர் மாதிரி, எதுவும் தெரியாது. தாரணி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். ஒரு கையால் தூணைப் பிடித்திருந்தாள்.

"படி இருக்குதாம்மா?"

எனக்கும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, விளிம்பைத் தடவி ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்தேன். கடைசிப் படி மற்றவற்றைவிட உயரம் அதிகமாக இருந்தது. மேலே ஏறி அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டேன்.

"மூணு இருக்கு கண்ணு. கடைசி ஒண்ணு கொஞ்சம் ஆழம்."

அவள் தூணை விட்டுவிட்டு, கண்ணைத் திறக்காமலே, காலை எடுத்து வைத்தாள்.